முதல் மான் வேட்டை ரைஃபிளுக்குக் கட்டுப்படியான ஸ்கோப்: தேர்வு முதல் ஜீரோ வரை

ரைஃபிளின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதன் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்தான் புதியவர்களை ஏமாற்றுகிறது. ஒன்றில் 6-24 என்று இருக்கும், பக்கத்தில் இருப்பதில் 3-9 என்று இருக்கும், விலை இரண்டுக்கும் ஒன்றுதான். 24 மடங்கு பெரிதாகக் காட்டுவதை விட்டுவிட்டு 9 மடங்கை யார் வாங்குவார்கள்? மான் வேட்டைக்குப் போகிறவர் வாங்க வேண்டும். அதே விலைக்குக் கூடுதல் உருப்பெருக்கம் தருகிறார்கள் என்றால், அந்தப் பணத்தை லென்ஸின் தரத்திலிருந்தோ உள்ளே இருக்கும் இயந்திர வேலையிலிருந்தோதான் எடுத்திருப்பார்கள். பட்ஜெட் சிறியதாக இருக்கும்போது இந்த இழப்பு இன்னும் அதிகம்.

உரிமத்தோடும் பருவ அனுமதியோடும் மான் வேட்டை நடக்கிற இடங்களில், .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .308, .30-06 போன்ற வழக்கமான தோட்டாவுக்கான, கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை முதன்முதலாக வாங்கியிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். நீண்ட தூரப் போட்டிச் சுடுதல் வேறு உலகம். அதற்கான ஆலோசனைகளை இங்கே கொண்டுவந்து கலந்தால் பணம்தான் வீணாகும்.

படி 1: எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்யுங்கள். மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, வெள்ளைவால் மான் அளவுள்ள விலங்கில், சுமார் 8 அங்குல விட்டம். குறி அங்கேதான். அடர்ந்த காட்டில் மரங்களுக்கு நடுவே 50 முதல் 100 கஜத்துக்கு மேல் தெளிவான பார்வையே கிடைக்காது. வயல் ஓரத்தில் உட்கார்ந்தால் 150, 200 கஜம் வரலாம். திறந்த மலைச்சரிவில் அதற்கும் மேல் பார்க்கலாம், ஆனால் பார்க்க முடிவதும் சுட முடிவதும் ஒன்றல்ல. மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுடுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். உட்கார்ந்தோ மரத்தில் சாய்ந்தோ சுட்டு, அந்த 8 அங்குல வட்டத்துக்குள் ஒவ்வொரு தோட்டாவையும் எந்தத் தூரம் வரை போட முடிகிறதோ, அதுதான் உங்கள் தூரம். முதல் வருடத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது 200 கஜத்தைத் தாண்டாது.

200 கஜத்தில் 8 அங்குல இலக்கைப் பார்க்க 4 மடங்கே போதும். நிலையான 4 மடங்கு ஸ்கோப்பை வைத்துப் பல தலைமுறைகள் மான் வேட்டையாடியிருக்கின்றன. ஆக, காடு மட்டும்தான் என்றால் 2-7×32 அல்லது 2-7×33, காடும் வயலும் கலந்திருந்தால் 3-9×40 (இந்த எண்களின் பொருள் படி 3-ல்). இரண்டில் எது என்று குழம்பினால் 3-9×40-ஐ எடுங்கள். அதிகம் விற்கிற அளவு என்பதால் அந்த விலையில் போட்டியும் அதிகம், கொடுத்த காசுக்குத் தரம் கிடைக்கும்.

படி 2: பணத்தைப் பிரித்து வையுங்கள்

பட்ஜெட் முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கும் சில்லறையில் ரிங் வாங்குகிறவர்கள் நிறைய பேர். ரைஃபிளையும் ஸ்கோப்பையும் இணைப்பது அந்த ரிங்கும் பேஸும்தான். அவை ஆடினால் எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தும் பயனில்லை. கையில் இருக்கும் தொகையில் முதலில் ஒழுங்கான எஃகு அல்லது அலுமினிய ரிங், பேஸ் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். அடுத்தது ஜீரோ செய்யவும் (குறி வைத்த இடத்தில் தோட்டா படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) பழகவும் இரண்டு மூன்று பெட்டித் தோட்டா. மிச்சம் இருப்பதுதான் ஸ்கோப்பின் விலை. ஸ்கோப்பை ஒரு படி குறைத்து வாங்கிவிட்டு 40 தோட்டா கூடுதலாகச் சுடுகிறவர், விலை உயர்ந்த ஸ்கோப்போடு 10 தோட்டா மட்டும் சுட்டவரைவிட நன்றாகச் சுடுவார்.

சில ரைஃபிள்கள் ஸ்கோப்போடு சேர்த்தே விற்கப்படுகின்றன. அந்தத் தொகுப்பில் விலையைக் குறைப்பதற்காகச் சிக்கனம் செய்திருப்பது பெரும்பாலும் ஸ்கோப்பில்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கி எறிய வேண்டாம். படி 9-ல் சொல்லும் சோதனையில் தேறினால் அதையே இந்தப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: எண்களைப் படியுங்கள்

3-9×40 என்றால் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை கூட்டிக் குறைக்கலாம், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 6-ஆல் வகுத்தால் 6.7 மி.மீ., 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற 5-க்கும் கீழே வந்துவிடும். அதனால் 40 மி.மீ. ஸ்கோப்பை அந்திப் பொழுதில் 6 மடங்குக்கு இறக்கினால், கண் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒளி முழுவதையும் ஏறத்தாழக் கொடுத்துவிடுகிறது. 50 மி.மீ. லென்ஸுள்ள ஸ்கோப்பை 24 மடங்கில் வைத்தால் கிடைப்பது 2.1 மி.மீ. மட்டுமே. படம் மங்கலாக இருக்கும், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே கறுத்துவிடும்.

50 மி.மீ. லென்ஸ் வேண்டுமா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. வேண்டாம். எடை கூடும். ஸ்கோப்பை உயரமாகப் பொருத்த வேண்டிவரும், அப்புறம் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் சரியாகப் பதியாது. அதன் பலன் தெரிவது அதிக உருப்பெருக்கத்தில், அதுவும் வெளிச்சம் நன்றாகக் குறைந்த பிறகு. அப்போது பெரும்பாலும் சட்டப்படி சுடக்கூடிய நேரமே முடிந்திருக்கும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைந்த பிறகு அரை மணியோடு முடிகிறது.

குறைந்த முனையின் எண்ணைத்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 3 மடங்கில் வைத்தால் 100 கஜத்தில் சுமார் 33 அடி அகலம் தெரியும், 9 மடங்கில் 13 அடியைப்போலத்தான். 30 கஜத்தில் புதரிலிருந்து மான் வெளியே வரும்போது ஸ்கோப் 6 மடங்குக்குக் கீழே இறங்காது என்றால், உள்ளே ரோமம் மட்டும்தான் தெரியும். எந்த மானின் எந்தப் பக்கம் என்று புரிவதற்குள் அது போய்விடும். அதனால் காட்டில் நடக்கும்போது ஸ்கோப் எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் மான் நின்றால் கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும்.

ஸ்கோப் குழாயின் விட்டம் 1 அங்குலம் அல்லது 30 மி.மீ. என்று போட்டிருக்கும். 30 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். அதில் கிடைப்பது முக்கியமாகக் குறியைத் திருகிச் சரிக்கட்டக் கூடுதல் எல்லை. மான் வேட்டைக்கு 1 அங்குலம் தாராளம். ரிங் அதே அளவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

படி 4: கண்ணாடியும் பூச்சும்

பணம் போகவேண்டிய முதல் இடம் இது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி பிரதிபலித்து வீணாகும். ஸ்கோப்புக்குள் பல லென்ஸ்கள் இருக்கின்றன. 10 பரப்புகள் என்று வைத்துக்கொண்டாலே மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். போன ஒளி சும்மாவும் போவதில்லை, உள்ளேயே சிதறிப் படத்தை வெளுக்கச் செய்கிறது. பரப்பு ஒன்றுக்கு இழப்பை அரை சதவீதமாகக் குறைத்தால், அதே 10 பரப்பைக் கடந்து 95 சதவீதம் வந்து சேரும். இந்த வேலையைச் செய்வது மெல்லிய பூச்சு. ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-ல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். இன்று மலிவான ஸ்கோப்பில்கூட இது வந்துவிட்டது.

ஆனால் பெட்டியில் இருக்கும் சொல்லைக் கவனியுங்கள். ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பிலாவது ஒற்றைப் பூச்சு. ‘மல்டி-கோட்டட்’ என்றால் சில பரப்புகளில் பல அடுக்கு. ‘ஃபுல்லி மல்டி-கோட்டட்’ என்றால்தான் காற்றோடு தொடும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு. கடைசிச் சொல் இல்லாத ஸ்கோப்பை எடுக்காதீர்கள். நடுத்தர விலையிலேயே இது கிடைக்கிறது.

நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பி, ரப்பர் வளையம் (ஓ-ரிங்) போட்டு அடைத்திருப்பதும் கட்டாயம். உள்ளே ஈரக் காற்று இருந்தால், குளிர்ந்த காலையில் லென்ஸின் உட்புறம் பனி படியும். அதைத் துடைக்க வழியே இல்லை.

படி 5: குறுக்குக் கம்பியும் திருகுகளும்

இங்கே எளிமைதான் நல்லது. வெளிப்புறம் தடித்து நடுவில் மெலிந்திருக்கும் ‘டூப்ளெக்ஸ்’ வகைக் குறுக்குக் கம்பி, லூப்போல்ட் நிறுவனம் 1962-ல் கொண்டுவந்தது. மங்கிய வெளிச்சத்தில் தடித்த பகுதிகள் கண்ணை நடுவுக்கு இழுத்துவரும். மான் வேட்டைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. நிறையக் கோடும் புள்ளியும் உள்ள மரம் போன்ற ரெட்டிக்கிள்கள் (குறிக் கம்பி அமைப்புகள்) 9 மடங்கு ஸ்கோப்பில் பார்வையைத்தான் அடைக்கும். நடுவில் சிவப்புப் புள்ளி ஒளிரும் வகை, இருண்ட காட்டில் உதவும், ஆனால் பட்ஜெட் ஸ்கோப்பில் அதற்குச் செலவாகும் பணம் கண்ணாடியிலிருந்துதான் போகிறது. இரவுக்காட்சி, வெப்பக்காட்சிக் கருவிகளுக்குப் பல இடங்களில் மான் வேட்டையில் தடை இருக்கிறது. உங்கள் பகுதி விதிகளைப் படித்துவிட்டுத்தான் மின்னணு எதையும் வாங்க வேண்டும்.

ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன், செகண்ட் ஃபோக்கல் பிளேன் என்று விற்பனையாளர் ஆரம்பித்தால் செகண்டைக் கேளுங்கள். அதில் உருப்பெருக்கத்தை மாற்றினாலும் கம்பியின் தடிமன் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். மற்றதில் 3 மடங்கில் கம்பி இழை போல மெலிந்துவிடும், அந்தியில் தேட வேண்டியிருக்கும்.

குறியைச் சரிக்கட்டும் திருகுகளுக்கு மூடி இருக்கட்டும். மூடியில்லாத பெரிய திருகு (டரெட்), முதுகுப்பையில் உரசி நமக்குத் தெரியாமலே திரும்பிவிடும். வழக்கமான ஸ்கோப்பில் திருகு நகரும் ஒரு படி, அதாவது ஒரு கிளிக், எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் கால் பங்கு. ஓர் எம்.ஓ.ஏ. என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம், எனவே 100 கஜத்தில் ஒரு கிளிக் கால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். மில் என்ற இன்னொரு கோண அளவில் இருந்தால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ.

பேரலாக்ஸ் (கண்ணை நகர்த்தினால் இலக்கின் மேல் கம்பியும் நகர்வதுபோலத் தோன்றும் பிழை) சரிசெய்யும் குமிழ் இல்லையே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். சாதாரண வேட்டை ஸ்கோப்பில் அதை 100 கஜத்திலோ 150 கஜத்திலோ நிலையாக வைத்திருப்பார்கள். 100 கஜத்தில் நிலைநிறுத்திய 40 மி.மீ. ஸ்கோப்பில் 200 கஜத்துக்குச் சுடும்போது, கண் முழுக்க ஓரத்தில் இருந்தாலும் பிழை சுமார் 2 செ.மீ.தான். 8 அங்குல இலக்கில் அது ஒன்றுமில்லை. ஆனால் சிறு தோட்டா சுடும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கிக்கான ஸ்கோப் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மான் ரைஃபிளில் போடாதீர்கள். அதன் பேரலாக்ஸ் பெரும்பாலும் 50 கஜத்துக்கு வைத்திருக்கும், பெரிய தோட்டாவின் உதையைத் தாங்குமா என்பதும் சந்தேகம்.

படி 6: கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி

ஐ ரிலீஃப் என்று விவரத் தாளில் இருக்கும். முழுப் படமும் தெரிய ஸ்கோப்பின் பின்முனையிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம் அது. குறைந்தது 3.5 அங்குலம் வேண்டும். .30-06 போல உதைக்கும் ரைஃபிளில் 4-ஐ நெருங்கினால் இன்னும் நிம்மதி. மேல்நோக்கிச் சரிவில் சுடும்போதும் படுத்துச் சுடும்போதும் முகம் தன்னை அறியாமல் முன்னே போகும். இடைவெளி போதவில்லை என்றால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். அப்படி ஒரு தடவை பட்டவர், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுப்பார். சுடும் பழக்கமே கெட்டுப்போக இது ஒன்றே போதும்.

படி 7: கடையில் பார்க்க வேண்டியவை

பளிச்சென்ற விளக்கின் கீழ் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். வெளியே பார்க்க அனுமதி கேளுங்கள், முடிந்தால் சாயங்காலம் போங்கள். நிழலான மூலையில், மரக்கிளைகளுக்கு நடுவே, ஒரே உருப்பெருக்கத்தில் இரண்டு மூன்று ஸ்கோப்புகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓரங்களில் படம் குழைகிறதா? வெளிச்சமான வானத்துக்கு எதிரே கிளையின் விளிம்பில் ஊதா நிறம் ஒட்டுகிறதா? கண்ணை இடம் வலமாக நகர்த்தினால் எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது? டரெட்டைத் திருப்புங்கள். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தனியாகத் தெரிய வேண்டும். உருப்பெருக்க வளையம் குளிரில் கையுறை போட்டுத் திருப்பக்கூடிய இறுக்கத்தில் இருக்க வேண்டும்.

பெயர் சொல்லக் கேட்டால், வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் II, லூப்போல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் ஆகிய வரிசைகளின் 3-9×40 மாடல்களிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். முன்னது விலை குறைவு, பின்னது எடையும் குறைவாக, கண்ணாடியும் ஒரு படி மேலாக இருக்கும், விலை அதற்கேற்ப ஏறும். இரண்டு நிறுவனங்களும் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன, முதல் உரிமையாளராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதனால் பழையது வாங்குவது நல்ல வழியாகிறது. குழாயில் நசுங்கல், ரிங் பதிந்த ஆழமான தடம், உள்ளே புகைமூட்டம், குலுக்கினால் சத்தம் இவை இல்லாமல் இருந்தால் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: பிரபல நிறுவனங்களின் பெயரில் போலிகள் உலவுகின்றன. புதிய ஸ்கோப் நம்பமுடியாத விலைக்கு வந்தால் வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

படி 8: பொருத்துதல்

முதலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை வெளியே எடுத்து வையுங்கள். பேஸ் உங்கள் ரைஃபிள் மாடலுக்கானதாக இருக்க வேண்டும், எல்லா ரைஃபிளிலும் துளைகள் ஒரே இடத்தில் இல்லை. துளைகளில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு, பேஸ் திருகுகளில் ஒரு சொட்டு நீல நிறத் திருகுப்பசை விட்டு இறுக்குங்கள். ரிங் திருகுகளுக்குப் பசை வேண்டாம். முன் லென்ஸ் துப்பாக்கிக் குழலைத் தொடாமலும், போல்ட் கைப்பிடி மேலே வரும்போது ஸ்கோப்பில் இடிக்காமலும் இருக்கும் மிகக் குறைந்த உயரத்தில் ரிங் தேர்ந்தெடுங்கள்.

இனி ஸ்கோப்பை ரிங்கில் தளர்வாக வைத்து, உருப்பெருக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். வேட்டைக்குப் போடும் அதே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், மெல்லிய சட்டையோடு அளந்தால் காட்டில் அரை அங்குலம் தவறும். கண்ணை மூடியபடி ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நீங்கள் ஸ்கோப்பைத் தேடிப் போகக் கூடாது, அது உங்கள் கண்ணுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். அப்புறம் ரைஃபிளை மட்டப்பலகை வைத்து நிமிர்த்தி, தூரத்தில் தொங்கும் ஒரு தூக்குநூலோடு செங்குத்துக் கம்பியைப் பொருத்திப் பாருங்கள்.

ரிங் திருகுகளைக் கார் சக்கர நட்டு போல மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வழக்கமான இறுக்கம் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு. ரிங் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் சரி. இறுக்கத்தின் (டார்க்) அளவு காட்டும் ஸ்க்ரூடிரைவர் சிறியது ஒன்று வாங்குவது வீண்செலவல்ல. கைப்பலத்தில் நெரித்து இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே சரிக்கட்டும் பகுதி சிக்கிக்கொள்ளும்.

படி 9: தோட்டா செலவில்லாத ஒரு சோதனை

மலிவான ஸ்கோப்பில் கண்ணாடியைவிட அதிகம் ஏமாற்றுவது திருகுகள்தான். 8 கிளிக் திருப்பினால் 5 கிளிக் மட்டும் நகரும், மிச்சம் அடுத்த உதையில் நகரும். இதைக் கண்டுபிடிக்கத் தோட்டா தேவையில்லை. போல்ட் எடுத்த ரைஃபிளை அசையாத தாங்கியில் பூட்டி, 25 கஜத்தில் கட்டம் போட்ட தாளை ஒட்டுங்கள். குறுக்குக் கம்பி ஒரு புள்ளியில் இருக்கட்டும். 40 கிளிக் வலது, 40 கீழே, 40 இடது, 40 மேலே. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 2.6 அங்குலம் நகர்ந்து, கடைசியில் தொடங்கிய புள்ளிக்கே வர வேண்டும். வரவில்லை என்றால் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். அதோடு நின்றுவிடாமல் உருப்பெருக்கத்தை 3-லிருந்து 9 வரை திருப்பி, கம்பி புள்ளியை விட்டு விலகுகிறதா என்றும் பாருங்கள்.

படி 10: ஜீரோ

அனுமதிக்கப்பட்ட சுடுதளத்தில், காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அணிந்து, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் மட்டும். ரைஃபிளை மணல் மூட்டையில் வைத்து, போல்ட் இல்லாத குழல் வழியே 25 கஜத்து இலக்கைப் பாருங்கள். வட்டத்தின் நடுவில் இலக்கு வந்ததும், ரைஃபிளை அசைக்காமல் குறுக்குக் கம்பியை அதே இடத்துக்குத் திருப்புங்கள். முதல் தோட்டா தாளில் விழ இது போதும்.

25 கஜத்தில் ஒரு கிளிக் பதினாறில் ஒரு பங்கு அங்குலம்தான் நகர்த்தும், அதாவது 1 அங்குலத்துக்கு 16 கிளிக். நடுவுக்கு அருகே வந்ததும் 100 கஜத்துக்குப் போங்கள். மூன்று தோட்டா சுட்டு, அந்த மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத்தான் திருக வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் ஓடித் திருகுகிறவர் பெட்டி முழுக்கக் காலி செய்வார். இடையிடையே குழலை ஆறவிடுங்கள். வேட்டையில் முதல் தோட்டா எப்போதும் குளிர்ந்த குழலிலிருந்துதான் போகும்.

எங்கே ஜீரோ வைப்பது? .308-ல் 150 கிரெய்ன் (தோட்டா எடையின் அலகு) தோட்டாவை 100 கஜத்தில் சுமார் 2 அங்குலம் மேலே படும்படி வைத்தால், 200 கஜத்தில் குறியிலேயே விழும், 300-ல் ஏறத்தாழ 8 அங்குலம் தாழும். எனவே 200 கஜத்துக்குள் எங்கே மான் நின்றாலும் நெஞ்சின் நடுவில் வைத்துச் சுடலாம், கணக்கே வேண்டாம். காட்டுக்குள் மட்டும் என்றால் 100 கஜத்தில் நேராக வைத்தாலும் போதும், 200-ல் சுமார் 4 அங்குலம் தாழும். எதை வைத்தாலும் 200 கஜத்தில் ஒரு தடவையாவது உண்மையில் சுட்டுப் பாருங்கள். தோட்டா பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் உங்கள் குழலின் வேகமாக இருக்க வேண்டியதில்லை.

ஜீரோ செய்த தோட்டாவின் நிறுவனம், எடை இரண்டையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு பெட்டி வாங்கினால் திரும்பவும் சுட்டுப் பார்க்க வேண்டும், ஒரே எடையிலும் 2 அங்குலம் தள்ளிப் படுவது சாதாரணம். ரைஃபிள் கீழே விழுந்தாலும், பயணத்தில் அடிபட்டாலும் அப்படியே. லென்ஸில் தூசி இருந்தால் முதலில் மென்தூரிகையால் தட்டிவிட்டு, பிறகுதான் துணி. சட்டை நுனியால் துடைத்தால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பூச்சுதான் கீறுபடும்.

இன்னொன்று, ஸ்கோப் வழியாகக் காட்டைத் தேடாதீர்கள். அங்கே அசைவது மனிதராக இருந்தால், தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அவர் மேல் நீட்டியிருப்பீர்கள். சாதாரண 8×42 பைனாகுலர் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். ஸ்கோப்பில் மிச்சம் பிடித்த பணத்தை அதில் போடலாம்.